கடைசிப் பேருந்துக்கு முன் முடிய வேண்டிய நாடகம்

சில ஆண்டுகளுக்கு முன் கல்லூரிகளுக்கு இடையிலான கலைவிழாவுக்காக எங்கள் துறை மாணவிகள் எட்டுப் பேர் ஒரு நாடகம் தயார் செய்தார்கள். போட்டி விதிப்படி இருபது நிமிடம். ஒத்திகைக்குக் கிடைத்தது மாலை நான்கு மணியிலிருந்து ஐந்தரை வரை. ஆறு மணிக்குள் பேருந்து நிறுத்தத்தில் நின்றாக வேண்டும். அந்த வண்டியை விட்டால் எட்டில் மூன்று பேருக்கு அன்று ஊர் போய்ச் சேர வழியில்லை.

கதையை அவர்களே எழுதியிருந்தார்கள். சாதி மாறிக் காதலிக்கும் ஒரு பெண். அந்தப் பெண்ணாக நடித்த மாணவி மூன்றாம் நாள் ஒத்திகையில் பாதியில் நின்றுவிட்டாள். "அம்மா, இவ காதலிக்கிறான்னு எழுதிட்டோம். காதலிக்கிற பொண்ணு மேடையில என்னம்மா செய்யணும்? எனக்கு அழத் தெரியுது, ஓடத் தெரியுது, சாகத் தெரியுது. காதலிக்கத் தெரியல."

மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முனைவர் பட்டம் வாங்கி, அகத்திணை நடத்தி, கவிதை எழுதி இத்தனை ஆண்டு ஆகியும் அந்தக் கேள்விக்கு என்னிடம் உடனடியாகப் பதில் இல்லை. தலைவி என்ன உணர்வாள் என்று சொல்லிக்கொடுக்கலாம். மேடையில் நின்று என்ன செய்வாள் என்பது வேறு கேள்வி. நம் மேடை அவளை என்ன செய்ய விட்டிருக்கிறது என்று பின்னோக்கிப் பார்க்கத் தொடங்கினேன். இந்தக் கட்டுரை அந்தத் தேடலில் கிடைத்தது.

இரவு யாருடையது?

நம் பழைய நாடகம் இரவுக்குச் சொந்தமானது. தெருக்கூத்து விடிய விடிய நடக்கும். மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்து ஸ்பெஷல் நாடகம் இரவு பத்து மணிக்குத் தொடங்கிப் பொழுது புலரும்போது முடியும். பாய் விரித்துப் பிள்ளைகளை மடியில் கிடத்திப் பார்க்கப் பெண்களுக்கு இடமுண்டு. மேடையில் ஏற இடமிருந்ததா என்பதுதான் சிக்கல். கூத்தில் திரௌபதியும் சுபத்திரையும் ஆண்கள். சங்கரதாஸ் சுவாமிகளின் (1867–1922) நாடகங்களை ஊர் ஊராகக் கொண்டுபோன பாய்ஸ் கம்பெனிகளில் ஸ்திரீபார்ட் போட்டவர்கள் குரல் உடையாத சிறுவர்கள். 1891-இல் பம்மல் சம்பந்த முதலியார் சென்னையில் தொடங்கிய சுகுண விலாச சபை, படித்தவர்களும் உத்தியோகஸ்தர்களும் மேடை ஏறலாம், அதில் கௌரவக் குறைவு இல்லை என்று காட்டியது. அங்கேயும் முதலியாரின் கதாநாயகியாகப் பெயர் பெற்றவர் ரங்கவடிவேலு என்ற ஆண். நாடகத்துக்குக் கௌரவம் வந்தது. அந்தக் கௌரவம் பெண்ணை வெளியே நிறுத்தித்தான் வந்தது.

பெண்கள் ஏறவே இல்லை என்று சொல்ல முடியாது. கும்பகோணம் பாலாமணி பெண்களை வைத்தே நாடகக் கம்பெனி நடத்தினார். அவருடைய நாடகம் பார்க்க ரயில் ஏறி வந்தது ஒரு கூட்டம். ஆனால் மேடையில் காதல் வசனம் பேசும் பெண்ணை, கீழே இறங்கிய பிறகும் அந்த வசனத்துக்குள்ளேயே வைத்துப் பார்த்தது ஊர். ராஜபார்ட் போட்டவர் காலையில் ராஜா இல்லை. ஸ்திரீபார்ட் போட்ட பெண் மட்டும் காலையிலும் 'அந்த மாதிரி' பெண். சூசன் சைஸர் என்ற அமெரிக்க மானிடவியலாளர் மதுரை ஸ்பெஷல் நாடகக் கலைஞர்களோடு பழகி எழுதி, 2005-இல் வெளியான ஆய்வில், நடிகைகள் நாடகத்துக்குப் போகவும் வரவும் எப்படித் தெருவில் கண்ணில் படாமல் நடக்கிறார்கள், எப்படி வண்டியைத் தேர்ந்தெடுக்கிறார்கள், மேக்கப் பெட்டியை எப்படி மறைக்கிறார்கள் என்பதையெல்லாம் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். படித்தபோது எங்கள் மாணவிகளின் பேருந்து நிறுத்தம்தான் நினைவுக்கு வந்தது. மேடையில் எவ்வளவு நேரம் நிற்கிறோம் என்பதை, வீடு போய்ச் சேரும் வழி தீர்மானிக்கிறது.

தர்க்கம் செய்த வள்ளி, தூங்கிய அல்லி

அந்த இரவு மேடையில் பெண்ணுக்கு ஒரு நல்ல இடமும் இருந்தது. அது வள்ளி. 'வள்ளி திருமணம்' நாடகத்தின் உயிர் கல்யாணத்தில் இல்லை, தர்க்கத்தில் இருக்கிறது. தினைப்புனத்தில் நிற்கும் வள்ளியிடம் நாரதர் வந்து வாதம் செய்வார். பிறகு வேடனாக முருகன் வருவான். வள்ளி மடக்குவாள், அவன் திருப்பிக் கேட்பான், அவள் மறுபடி மடக்குவாள். இதில் பெரும்பகுதி அந்தந்த இரவில் அந்தந்த நடிகர்கள் உருவாக்கிக்கொள்வது. எதிரே நிற்பவர் எவ்வளவு பெரிய ராஜபார்ட்டாக இருந்தாலும், சொல்வன்மை உள்ள நடிகை அவரைத் திணற வைத்துக் கைதட்டல் வாங்கலாம். காதலிக்கும் பெண் வாயாடலாம், கேள்வி கேட்கலாம், இழுத்தடிக்கலாம். ஒப்புக்கொள்ளும்வரை நேரம் அவளுடையது.

இதே இரவு மேடையில் அல்லியும் வருவாள். மதுரையை ஆண்ட அரசி. ஆண் வாசனையே வேண்டாம் என்றவள். அல்லி கதையில் அர்ச்சுனன் பாம்பாக அவள் படுக்கைக்குள் நுழைந்து, அவள் தூங்கும்போது தாலி கட்டிவிடுகிறான். விழித்துப் பார்த்தால் கழுத்தில் தாலி. அவள் சினந்து படை திரட்டுவதும் பிறகு இணங்குவதும் சுவாரசியமான கதையாக, சிரிப்பாகவே நூறாண்டுக்கு மேல் ஓடியிருக்கிறது. நானும் சிறுவயதில் பாட்டி மடியில் கேட்டுச் சிரித்திருக்கிறேன். இன்று வகுப்பில் இந்தக் கதையைச் சொன்னால் ஒரு நொடி யாரும் பேசுவதில்லை. பிறகு ஒருத்தி மெல்லக் கேட்பாள்: "தூங்கும்போதாம்மா?"

ஆக, நம் மேடை பெண்ணின் காதலுக்கு இரண்டு வழி காட்டியது. விழித்திருந்து வாதாடும் வழி ஒன்று. தூங்கும்போது முடிந்துபோகும் வழி இன்னொன்று. இரண்டும் கல்யாணத்தில் முடிந்ததால் இரண்டையும் ஒன்றுபோலவே பார்த்துப் பழகிவிட்டோம்.

வெள்ளைப் புடவை

வள்ளியாக வாழ்ந்த ஒரு நடிகையின் கதையைச் சொல்லாமல் மேலே போக முடியவில்லை. கொடுமுடியில் பிறந்த கே.பி. சுந்தராம்பாளும் (1908–1980) எஸ்.ஜி. கிட்டப்பாவும் (1906–1933) இணைந்து நடித்த நாடகங்கள் அந்தக் காலத்தில் பெரும் கூட்டத்தை ஈர்த்தன. இலங்கையில் ஒன்றாக மேடை ஏறிய இருவரும் காதலித்தார்கள். சாதி வேறு. கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே மணமாகியிருந்தது. அந்த உறவில் அவருக்கு மகிழ்ச்சியைவிடக் காத்திருப்பே மிகுதி. 1933 டிசம்பரில் கிட்டப்பா இறந்தபோது சுந்தராம்பாளுக்கு வயது இருபத்தைந்து. வெள்ளைப் புடவைக்கு மாறினார். இனி எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவு செய்தார்.

1935-இல் 'நந்தனார்' படத்துக்காக அவருக்கு ஒரு லட்சம் ரூபாய் கொடுத்தார்கள் என்பதைத் திரைப்பட வரலாறு வியப்போடு சொல்கிறது. அந்தப் படத்தில் அவர் போட்டது ஆண் வேடம், நந்தனார். 1940-இல் மணிமேகலை, துறவி. 1953-இல் ஔவையார், கிழவி. ஆண், துறவி, கிழவி. இந்த வரிசையைச் சேர்த்துப் பார்த்தால் தமிழ்நாட்டின் மிகப் பெரிய குரல் எந்த வாசல் வழியாக மட்டும் அனுமதிக்கப்பட்டது என்பது தெரியும். அது அவர் விரும்பி ஏற்ற முடிவு என்பார்கள். அப்படியே இருக்கட்டும். ஆனால் கிட்டப்பா இருந்து சுந்தராம்பாள் போயிருந்தால், அவர் இனி ராஜபார்ட் போடமாட்டேன் என்றிருப்பாரா என்று ஒருமுறை கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

ஔவையின் வயது

ஔவை என்றதும் உங்கள் மனத்தில் யார் வருகிறார்கள்? கூன், கோல், நெற்றியில் திருநீறு. 1968 உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி மெரினாவில் நிறுத்திய சிலையும் அந்தக் கிழவிதான். மேடையில் ஔவையாராக நடித்துப் புகழ்பெற்று, அந்தப் பெயரையே முன்னால் சேர்த்துக்கொண்டவர் டி.கே. சண்முகம். ஓர் ஆண் கிழவி வேடமிட்டால் அது ஔவை. திரையில் சுந்தராம்பாள் நடித்த கதையில், கல்யாணத்துக்கு நிச்சயித்த இளம்பெண் பிள்ளையாரிடம் மன்றாடித் தன் இளமையைக் கொடுத்து முதுமை வாங்கிக்கொள்கிறாள். கவிதை பாட வேண்டுமா, ஊர் சுற்ற வேண்டுமா, அரசனோடு சமமாக உட்கார்ந்து பேச வேண்டுமா? முதலில் உன் உடம்பைக் கொடு. அந்தக் கதை நம் பெண் குழந்தைகளுக்குச் சொல்லும் பேரம் இதுதான்.

சங்க ஔவை அந்தப் பேரத்தில் இல்லை. அவர் பெயரில் நமக்குக் கிடைத்திருக்கும் 59 பாடல்களில் 26 அகப்பாடல்கள். குறுந்தொகையில் மட்டும் 15. அவற்றில் 28-ஆம் பாடலை முதன்முதலாகப் படிக்கும் மாணவிகள் ஆசிரியர் பெயரை இரண்டு முறை பார்ப்பார்கள். தன் வேட்கை தெரியாமல் நிம்மதியாகத் தூங்கும் ஊரின் மேல் ஒரு பெண்ணுக்கு வரும் கோபம் அதில் இருக்கிறது. புறப்பாடல்களில் அதியமானோடு கள் பகிர்ந்து உண்டவர், தொண்டைமானிடம் தூது போனவர், அதியமான் இறந்தபோது நண்பனுக்காகக் கலங்கியவர். நீதிநூல் பாடிய ஔவை பல நூற்றாண்டு பிந்தியவர். வெவ்வேறு காலத்துப் பெண்களை ஒரே கிழவியாக்கியது பிற்காலத்து மரபு.

1998-இல் இன்குலாப் எழுதிய 'ஔவை' நாடகம் இந்த இடத்தில் கை வைத்தது. அ. மங்கை இயக்கினார். இன்குலாப்பின் ஔவை இளம்பெண். பாணர் கூட்டத்தோடு ஊர் ஊராகப் போகிறவள், பாடுகிறவள், ஆடுகிறவள், குடிக்கிறவள், அரசனோடு நட்புக் கொண்டவள், போரை நேருக்கு நேர் பார்க்கிறவள். யாருடைய மனைவி, யாருடைய தாய் என்று கேட்டு அவளை அடையாளம் காண முடியாது. இது கற்பனை மிகுந்த புரட்சி என்று சொன்னவர்கள் உண்டு. உண்மையில் இன்குலாப் செய்தது பாடல்களுக்குத் திரும்பிப் போனதுதான். கற்பனை செய்தது மற்றவர்கள்.

ஒரு கவிஞராக எனக்கு இந்த நாடகம் தனிப்பட்ட முறையில் முக்கியமானது. காதல் கவிதை எழுதும் பெண்ணிடம், 'இது உங்க அனுபவமா?' என்று கேட்பவர்களை முப்பது வயதில் எனக்குச் சமாளிக்கத் தெரியவில்லை. இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டதால் கேள்வி குறைந்துவிட்டது. மரியாதை கூடிவிட்டது என்கிறார்கள். எனக்குத் தெரியும், என்னையும் மெல்ல மெல்லக் கோல் ஊன்ற வைக்கிறார்கள்.

அரை மணி நேரம் என்ற கண்டுபிடிப்பு

இனி நாடகத்தின் நீளத்துக்கு வருவோம். விடிய விடிய நடந்த நாடகம் சபாக்களில் இரண்டரை மணி நேரமானது. அரை மணி நேரத்துக்கு அதைச் சுருக்கியதில் பெண்கள் இயக்கத்துக்கு முக்கியப் பங்கு உண்டு. காரணம் அழகியல் மட்டும் இல்லை. மேடை வாடகைக்குக் காசு இல்லை, விளக்கு இல்லை, பார்க்க வேண்டிய பெண்களுக்கு நேரமில்லை. தண்ணீர் பிடிக்கும் நேரத்துக்கும் உலை வைக்கும் நேரத்துக்கும் நடுவில் முடிகிற நாடகம் தேவைப்பட்டது.

1979 கோடையில் டெல்லியில் தர்வீந்தர் கவுர் என்ற இளம்பெண் தீக்காயங்களால் இறந்தார். 'ஸ்திரீ சங்கர்ஷ்' அமைப்பின் பெண்கள் கணவன் வீட்டின் முன் திரண்டார்கள். அதுவரை 'ஸ்டவ் வெடித்த விபத்து' என்று செய்தித்தாளின் மூலையில் வந்தவை, 'கொலை' என்ற பெயரோடு வெளியே வந்தன. அந்த அலையில் பிறந்தது 'ஓம் ஸ்வாஹா' என்ற வீதி நாடகம். கல்யாணத்தின் மந்திரச் சொல்லையே பெயராக வைத்து, அக்கினியில் எதை ஆகுதியாக இடுகிறோம் என்று கேட்டது. தெருக்களிலும் கல்லூரி வாசல்களிலும் நடந்தது. மகளைப் பறிகொடுத்த தாய்மார்கள் இந்த இயக்கத்தின் முன்வரிசைக்கு வந்தார்கள். மராத்தியில் ஜோதி மாப்சேகர் எழுதிய 'முல்கி ஸாலி ஹோ' 1983-இல் மேடையேறிப் பல மொழிகளுக்குப் போனது. 'பொண்ணு பொறந்திருக்கா' என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். சட்டத்தில் 498ஏ வந்தது 1983-இல், 304பி வந்தது 1986-இல். நாடகத்தால் சட்டம் வந்தது என்று சொல்லமாட்டேன். சட்டம் கேட்டவர்களும் நாடகம் போட்டவர்களும் பெரும்பாலும் ஒரே பெண்கள் என்று சொல்லலாம்.

தமிழகத்தில் ந. முத்துசாமியின் கூத்துப்பட்டறை 1977-இலும், ஞாநியின் பரீக்ஷா 1978-இலும், பிரளயனின் சென்னைக் கலைக்குழு 1984-இலும் தொடங்கின. 1993-இல் மங்கையின் முன்முயற்சியில் வந்த 'வாய்ஸிங் சைலன்ஸ்' பெண்களின் அரங்கச் செயல்பாட்டுக்கென்றே இயங்கியது. பெண் சிசுக்கொலை பற்றிய 'பச்ச மண்ணு' கிராமங்களுக்குப் போனது. மேற்சொன்ன 'ஔவை' வந்ததும் இந்தப் பின்னணியிலிருந்துதான்.

இந்த இயக்க நாடகங்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். அதே சமயம் ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். பெண்ணை எரிக்கிறார்கள், அடிக்கிறார்கள், கருவில் அழிக்கிறார்கள் என்று அவசரமாகச் சொல்ல வேண்டியிருந்ததால், அவள் யாரை விரும்பினாள், எதற்குச் சிரித்தாள் என்று கேட்க நேரமில்லாமல் போனது. அரை மணி நேரத்தில் அவள் சாகத்தான் நேரம் இருந்தது. எங்கள் மாணவி 'எனக்குச் சாகத் தெரியுது' என்றதற்குத் திரைப்படம் மட்டும் காரணமில்லை. நாமும்தான்.

ஜன்னலுக்கு இந்தப் பக்கம்

மஞ்சுளா பத்மநாபன் ஆங்கிலத்தில் 1984-இல் எழுதிய 'லைட்ஸ் அவுட்' ஒரு சிறு நாடகம். நம் கல்லூரிகள் பலவற்றில் பாடமாக இருக்கிறது. 1982-இல் பம்பாய் சாந்தாகுரூஸ் பகுதியில் நடந்த உண்மைச் சம்பவம் அதன் அடிப்படை. எதிரே கட்டி முடிக்காத கட்டடத்தில் இரவுதோறும் ஒரு பெண் அலறுகிறாள். அவளைக் கூட்டாக வன்புணர்கிறார்கள். இந்தப் பக்கம் பாஸ்கர், லீலா என்ற தம்பதியின் வீடு. லீலா போலீசைக் கூப்பிடச் சொல்லிக் கெஞ்சுகிறாள். பாஸ்கர் ஆறுதல் சொல்கிறான், திரையை இழுத்துவிடச் சொல்கிறான். விருந்துக்கு நண்பர்கள் வருகிறார்கள். அது ஏதாவது மதச் சடங்காக இருக்குமோ, அவள் விலைமாதாக இருந்தால் அதை வன்புணர்ச்சி என்று சொல்லலாமா என்றெல்லாம் ஆண்கள் நிதானமாக விவாதிக்கிறார்கள். கடைசியில் கத்தி எடுத்துக்கொண்டு கிளம்பலாம் என்று வீரம் வரும்போது அலறல் நின்றுவிட்டிருக்கிறது. உண்மைச் சம்பவத்திலும் மக்கள் வேடிக்கைதான் பார்த்தார்கள் என்று சொல்லி நாடகம் முடிகிறது.

வழக்கமாக இதை வன்முறை பற்றிய நாடகம், நடுத்தர வர்க்கத்தின் மௌனம் பற்றிய நாடகம் என்று நடத்துவோம். நான் இதை ஒரு தாம்பத்தியத்தைப் பற்றிய நாடகமாக நடத்துகிறேன். பாஸ்கர் கெட்ட கணவன் இல்லை. அடிப்பதில்லை, திட்டுவதில்லை. லீலா பதறினால் தோளை அணைத்துக்கொள்கிறான். அந்த அணைப்பு அவளை அமைதிப்படுத்துகிறது, அதனாலேயே அவள் போனை எடுப்பதில்லை. அன்பு எப்படி ஒரு பெண்ணின் மனசாட்சியைத் தாலாட்டித் தூங்க வைக்கும் என்பதை இவ்வளவு துல்லியமாகக் காட்டிய நாடகத்தை நான் வேறு படித்ததில்லை. லீலா ஏன் தானே போலீசுக்குப் பேசவில்லை என்று வகுப்பில் கேட்டேன். பின்வரிசையிலிருந்து ஒரு பெண் சொன்னாள்: "அவரு கோச்சுக்குவாருன்னு இல்லம்மா. அவரு நல்லவரு. நல்லவர மீறுறது இன்னும் கஷ்டம்."

அந்த வீட்டில் இன்னொரு பெண்ணும் இருக்கிறாள், வேலைக்காரி ஃபிரீடா. நாடகம் முழுக்கக் கண்ணில் படும்படி வேலை செய்துகொண்டே இருப்பாள். அவளிடம் யாரும் கருத்துக் கேட்பதில்லை, அவளும் எதுவும் சொல்வதில்லை. 'பெண்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் லீலாவும் ஃபிரீடாவும் எதிர்க்கட்டடத்துப் பெண்ணும் எவ்வளவு தள்ளித் தள்ளி நிற்கிறார்கள் என்பதை வசனமே இல்லாமல் அந்தப் பாத்திரம் சொல்லிவிடுகிறது. எங்கள் வகுப்பில் இந்த நாடகத்தைப் படித்துக் காட்டும்போது ஃபிரீடாவாக நடிக்க முதலில் யாரும் முன்வருவதில்லை, பேச ஒன்றுமில்லை என்பார்கள். ஒருமுறை முன்வந்த மாணவி, நாடகம் முடிந்ததும் சொன்னாள்: "எங்க அம்மா வேலை பாக்குற வீட்லயும் இப்படித்தான் பேசிட்டே இருப்பாங்க. அம்மா அங்கேயேதான் நிப்பாங்க."

தன் பெயரைத் தானே சொல்வது

நூறாண்டு காலம் ஆண்கள் பெண் வேடம் போட்டுக் கைதட்டல் வாங்கினார்கள். அதே ஊரில், 'நான் பெண்' என்று வேடமில்லாமல் சொன்ன திருநங்கையருக்குக் கிடைத்தது கல்லடி. 2000-களில் திருநங்கையர் சேர்ந்து உருவாக்கிய கண்ணாடிக் கலைக்குழு, மங்கையோடு இணைந்து 'மனசின் அழைப்பு', 'உறையாத நினைவுகள்' ஆகிய நாடகங்களை மேடையேற்றியது. அவர்களுடைய சொந்த வாழ்க்கையே பிரதியானது. 'நான், வித்யா' என்ற தன்வரலாற்றை 2007-இல் எழுதிய லிவிங் ஸ்மைல் வித்யா நாடக நடிகராகவும் இயங்கினார். 2010-களில் அவரும் தோழர்களும் அமைத்த 'பன்மை' அரங்கக்குழு, 'கலர் ஆஃப் டிரான்ஸ்' என்ற நிகழ்வில் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே நடித்தது.

இந்த ஆண்டுகளில் வெளியேயும் சில கதவுகள் திறந்தன. 2008-இல் தமிழ்நாட்டில் திருநங்கையர் நலவாரியம் வந்தது. 2014 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலின உரிமையை ஏற்றது. 2018 செப்டம்பரில் 377-ஆம் பிரிவின் கொடுமை பெருமளவு நீங்கியது. ஆனால் தீர்ப்பில் 'அடையாளம்' என்ற சொல் வருவதற்கும், ஒருத்தி கூட்டத்தின் முன் நின்று தன் பெயரைச் சொல்வதற்கும் நடுவில் பெரிய தூரம் இருக்கிறது. அந்தத் தூரத்தைக் குறைப்பதற்குச் சிறு நாடகம் உதவியது. எங்கள் மாணவி கேட்டதற்கு இவர்களிடம் ஒரு பதில் இருந்தது. காதலிக்கிறவள் முதலில் தான் யார் என்று சொல்கிறாள். அப்புறம்தான் 'உன்னை' என்ற சொல் வருகிறது.

எங்கம்மா போகணும்?

மாணவிகளின் நாடகத்துக்குத் திரும்புகிறேன். அவர்கள் எழுதிய முடிவில் காதலனைப் பேருந்து நிலையத்தில் வெட்டுகிறார்கள். 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டபோது இவர்கள் பள்ளிச் சிறுமிகள். அந்தக் காட்சியைத் தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பப் பார்த்து வளர்ந்தவர்கள். சாதி மாறிய காதல் என்றாலே அவர்களுக்கு அந்தப் பேருந்து நிலையம்தான். வெட்டுப்பட்டும் பிழைத்து, பறையடித்து, மேடை ஏறி, நீதிமன்றத்தில் பெற்றோருக்கு எதிராகவே நின்ற கௌசல்யாவைப் பற்றிக் கேட்டேன். தெரியும் என்றார்கள். ஆனால் கதையில் அவள் வரவில்லை.

பிரதியைப் பார்த்த நிர்வாகத்துக்கு வேறு கவலை. சாதி என்ற சொல் வரக்கூடாது, பெண் மனம் திருந்திப் பெற்றோரிடம் வருவதாக முடித்தால் அனுமதி. மாணவிகள் என்னிடம் வந்தார்கள். நான் சண்டை போட்டேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் நான் தயங்கினேன். அந்த எட்டுப் பேரின் வீட்டுக்கும் ஒரு தொலைபேசி அழைப்பு போனால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். என் வேலையைப் பற்றியும் யோசித்தேன். லீலாவை வகுப்பில் கேள்வி கேட்டவள், என் முறை வந்தபோது திரையை இழுத்துவிடப் பார்த்தேன்.

வழி கண்டுபிடித்தது அவர்கள். வள்ளி தர்க்கத்தைச் சொல்லிக்கொடுத்திருந்தேன் அல்லவா, அதை எடுத்துக்கொண்டார்கள். நாடகம் முழுவதையும் ஒரு பேருந்து நிறுத்தத்துக்குக் கொண்டுவந்தார்கள். அவளும் அவனும் பேருந்துக்குக் காத்திருக்கும் நேரம்தான் நாடகம். அவள் கேட்கிறாள், அவன் பதில் சொல்கிறான். கல்யாணத்துக்கப்புறம் நான் படிக்கலாமா? உங்க வீட்டுல யார் சமைப்பா? உன் சம்பளம் எவ்வளவு? உனக்குப் பயமா இருக்கா? எனக்கு இருக்கு. உங்க தெருவுக்கு நான் வரலாம், எங்க தெருவுக்கு நீ செருப்பு போட்டுட்டு வர முடியுமா? சாதி என்ற சொல் ஒருமுறைகூட வரவில்லை. அரங்கத்தில் அது கேட்காத காது ஒன்றும் இல்லை.

கடைசியில் பேருந்து வருகிறது. அவள் மட்டும் ஏறுகிறாள். 2021 மே மாதத்தில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் நீக்கப்பட்டது. ஆனாலும் சீட்டு கிழிக்க நடத்துநர் கேட்டாக வேண்டும். "எங்கம்மா போகணும்?" என்று கேட்கிறார். அவள் கூட்டத்தைப் பார்க்கிறாள். பதில் சொல்ல வாய் திறக்கும்போது விளக்கு அணைகிறது. பெற்றோர் வீட்டுக்குப் போகிறாள் என்று நிர்வாகம் புரிந்துகொண்டது. அனுமதி கிடைத்தது.

பரிசு கிடைக்கவில்லை. முடிவு தெளிவாக இல்லை என்றார் ஒரு நடுவர். திரும்பி வரும் வழியில் எட்டுப் பேரும் அதைப் பற்றியே சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். அவனோடு வாழப் போகிறாள் என்றார்கள் சிலர். வேலைக்கான பரீட்சை எழுதப் போகிறாள், அவன் காத்திருக்கட்டும் என்றார்கள் சிலர். அந்தப் பெண்ணாக நடித்தவளிடம் கேட்டேன், "நீ என்ன ஊரைச் சொல்ல வாய் திறந்த?"

"தினம் ஒரு ஊர் நினைச்சுப்பேன்மா" என்றாள். "நேத்து ஒத்திகையில ஒண்ணு, இன்னைக்கு ஒண்ணு."

மணி ஐந்து ஐம்பது. பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு எல்லோரும் நிறுத்தத்துக்கு ஓடினார்கள்.